கைப்பேசியில் நம் எழுத்து: பெரியவர்களுக்குப் பயன்தரும் இலவசச் செயலிகள்



ஆண்டு மலரில் கைப்பேசியைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு கைப்பேசி இல்லாத பெரியவர்கள் இப்போது குறைவு. பிள்ளைகளோ பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கைப்பேசி ஒன்றுதான் பாலம். அந்தப் பாலத்தின்மேல் நம் பெரியவர்கள் பாதி தூரம்தான் நடக்கிறார்கள். அழைப்பு வந்தால் எடுப்பார்கள். புலனத்தில் படம் வந்தால் பார்ப்பார்கள். பதில் எழுத வேண்டுமென்றால் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கக்கூடியவர்கள் எழுத்தறியாதவர்களைப்போல் இருப்பது முறையாகுமா? தமிழில் எழுதக் கைப்பேசி தயாராகவே இருக்கிறது. அதற்குக் காசும் இல்லை. வழி தெரியாததுதான் குறை.

வெல்லமா, வெள்ளமா?

எழுதுகிறவர்களும் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அதனால் என்ன கெட்டுவிட்டது என்று இளையோர் கேட்பார்கள். திருவிழாச் சமையலுக்குப் பொருள் வாங்கப் போனவர், "வெல்லம் வந்துவிட்டது" என்று ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் கெடாவில் இருக்கிறவர் அதை எப்படி வாசிப்பார்? வெல்லமும் வெள்ளமும் ஆங்கில எழுத்தில் ஒன்றேதான். கரியும் கறியும் ஒன்று. பணியும் பனியும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று. லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் இரண்டு ரகரங்களையும் மூன்று நகரங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் பட்ட பாடு ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். ஆங்கில எழுத்து அத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது.

தேசியப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை ஒன்று இருந்தால், பாட்டி அனுப்பும் நான்கு வரித் தமிழ்ச் செய்திதான் அன்றைக்கு அது கண்ணால் காணும் ஒரே தமிழாகவும் இருக்கக்கூடும். ஆகவேதான், இலவசச் செயலிகளில் முதல் இடத்தை எழுதும் செயலிக்கே கொடுக்கிறேன்.

தோட்டப் பள்ளியின் நிழலில் இருந்து வந்தது

அதன் பெயர் செல்லினம். உருவாக்கியவர் வெளிநாட்டார் அல்லர், நம் மலேசியர். சிலாங்கூர், கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் அவர்கள். இவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் அவர்கள் தமிழாசிரியர், கவிஞர். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருந்தொகுப்பை 1997-இல் வெளிக்கொணர்ந்தவர். தந்தை தாளில் தமிழைத் தொகுத்தார். மகன் அதைக் கணினிக்குள் கொண்டுபோனார். 1985-இல் இவர் தொடங்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருளைக் கொண்டே நம் நாட்டில் பல இதழ்களும் மலர்களும் கணினியில் அச்சுக்கோக்கப்பட்டன. கைப்பேசியில் தமிழ் எழுதும் செல்லினம், 2005-ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் தொடுதிரை கிடையாது. பித்தான்களை அழுத்தியே எழுத வேண்டும். பின்னாளில் அது ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்து, இலவசமாகவே கிடைக்கிறது.

செல்லினத்தில் இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது அஞ்சல் முறை. ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டினால் திரையில் தமிழ் வரும். டி, எச், ஏ, எம், ஐ, இசட் என்று தட்டினால் 'தமிழ்' என்று விழும். ஆங்கில விசைப்பலகை பழகியவர்களுக்கு இது உடனே கைவரும்.

இரண்டாவது 'தமிழ் 99'. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. ஆங்கிலமே தெரியாதவர்களுக்கும், தமிழ் இலக்கணம் கொஞ்சம் நினைவிருப்பவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். இடப்பக்கம் உயிரெழுத்துகள், வலப்பக்கம் மெய்கள். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை தேவையில்லை. ககர விசையையும் இகர விசையையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' ஆகிவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று முதலாம் ஆண்டில் படித்தோமே, அதுவேதான்.

இதைவிட அருமையானது ஒன்று உண்டு. 'அம்மா' என்று எழுத, அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும். 'தந்தை'க்கு த, ந, த, ஐ. இங்கே இரட்டித்து வராத நகரத்திற்குப் புள்ளி வைத்தது யார்? தகரத்திற்கு இன எழுத்து நகரம் என்பதை அந்த விசைப்பலகை அறிந்திருக்கிறது! ககரத்திற்கு ஙகரம், சகரத்திற்கு ஞகரம், டகரத்திற்கு ணகரம், பகரத்திற்கு மகரம், றகரத்திற்கு னகரம். வல்லினத்திற்கு மெல்லினம் இனம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் கைப்பேசிக்குள் வேலை செய்கிறது. 'பொங்கல்' எழுதிப் பாருங்கள்: ப, ஒ, ங, க, ல, கடைசியில் ஒரு புள்ளி. இரண்டு வாரம் நாள்தோறும் ஐந்து வரி எழுதினால் விரல் தானே போய்விடும்.

செயலியை நிறுவுவது எளிது. கைப்பேசியிலுள்ள பிளே ஸ்டோரைத் திறந்து 'செல்லினம்' என்று தேடி, நிறுவுக என்பதைத் தொட வேண்டும். பிறகு அது காட்டும் வழிப்படி, கைப்பேசி அமைப்பில் அதை ஒரு விசைப்பலகையாக இயக்கிவிட வேண்டும். அப்போது, "நீங்கள் தட்டும் அனைத்தையும் இந்த விசைப்பலகை சேகரிக்கக்கூடும்" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை தோன்றும். பலர் இதைக் கண்டு பயந்து மூடிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்க்கும் எந்த விசைப்பலகைக்கும் ஆண்ட்ராய்டு காட்டும் பொதுவான எச்சரிக்கை அது. ஆனாலும், முன்பின் தெரியாத விசைப்பலகையைச் சேர்க்கக்கூடாது என்பதற்கு அதுவே நல்ல காரணமும் ஆகும். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் கைப்பேசியோடு வந்த விசைப்பலகையில் தட்டுங்கள்.

விரல் நடுங்குகிறவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும்

சிலருக்கு எழுத்தைத் தட்டவே விரல் ஒத்துழைக்காது. அவர்களுக்கு ஜிபோர்டு என்னும் கூகுள் விசைப்பலகை உதவும். பல கைப்பேசிகளில் முன்கூட்டியே இருக்கும். 2017 ஆகஸ்டில் கூகுள் பேச்சை எழுத்தாக்கும் வசதியில் தமிழையும் சேர்த்தது. மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலேசியத் தமிழும் தனியாகவே இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசினால் எழுத்து ஓடும். தொலைக்காட்சி ஓடும் அறையில் பேசினால் அதையும் சேர்த்து எழுதிவைக்கும். அனுப்புமுன் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு செயலி உண்டு. அதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். காது கேளாமை வந்த பெரியவர் கூட்டத்தில் இருந்தும் தனியாகவே இருப்பார். மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைப்பார். நாளடைவில் திருவிழாவுக்கு வருவதையே குறைத்துக்கொள்வார். 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்னும் இலவசச் செயலியைக் கூகுள் 2019-இல் வெளியிட்டது. செவித்திறன் குறைந்தோருக்காகவே வாஷிங்டனில் இயங்கும் காலடெட் பல்கலைக்கழகம் அதற்குத் துணைநின்றது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும். மொழியைத் தமிழ் என்று அமைத்துவிட்டு, கைப்பேசியை மேசையில் இருவருக்கும் நடுவே வைத்தால் போதும். இணையம் வேண்டும், பேச்சு வழக்கில் வேகமாகப் பேசினால் தவறும் வரும். ஆயினும் பத்துச் சொல்லில் ஏழு சொல் பிடிபட்டால்கூட உரையாடல் நடக்கும். காது கருவிக்கு ஆயிரக்கணக்கில் செலவிட இயலாத குடும்பங்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

அரசாங்கக் கடிதம் மலாயில் வந்து, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமா? கூகுள் டிரான்ஸ்லேட் செயலியைத் திறந்து, கேமராவைக் கடிதத்தின்மேல் காட்டினால் தமிழில் காட்டும். 2011-இல் அதில் தமிழ் சேர்ந்தது. தமிழ் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கும். கடிதம் நிலவரியைப் பற்றியதா, மருத்துவமனைத் தேதியைப் பற்றியதா என்று தெரிந்துகொள்ளப் போதும். கையொப்பமிட அது போதாது. கோவிட் காலத்தில், 2020-இல், வந்த மைசெஜாத்ராவையும் அழித்துவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் முன்பதிவு செய்ய இன்னும் பயன்படுகிறது. மின்னல் பண்பலை கேட்க ஆர்.டி.எம். கிளிக் செயலி இருக்கிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் மதுரைத் திட்டத்தைத் தேடிப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய அப்பணியில், தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த சங்க நூல்களும் திருமுறைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பஞ்சாங்கச் செயலியில் ஊரைப் பாருங்கள்

பக்தர்கள் அதிகம் விரும்புவது பஞ்சாங்கச் செயலிதான். இதில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. பல செயலிகள் சென்னை நேரத்தையே காட்டும். திதியும் நட்சத்திரமும் சூரிய சந்திரர்களின் நிலையைப் பொறுத்தவை. அவை முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியிருப்பதால் அதைக் கூட்டினால் சரியாகும். அங்கே இரவு 10 மணிக்கு முடியும் திதி, இங்கே நள்ளிரவு தாண்டி 12.30-க்கு முடியும், தேதியே மாறிவிடுகிறது பாருங்கள்.

இராகு காலத்திற்கு இந்தக் கூட்டல் பொருந்தாது. அது அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது. பகற்பொழுதை எட்டாகப் பிரித்துக் கணிப்பது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று நாம் மனனம் செய்திருப்பது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும் கணக்கு. லூனாஸில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான். அதிலும் 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். 7.15-க்கு உதயமாகும் நாளில் திங்கட்கிழமை இராகு காலம் ஏறக்குறைய 8.45 முதல் 10.15 வரை வரும். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்க இடம் தரும் செயலியையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் லூனாஸ் இல்லையென்றால் கூலிம், சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு மிகச் சிறிது. ஊர் கேட்காத பஞ்சாங்கச் செயலியை அழித்துவிடலாம்.

இலவசத்தின் மறுபக்கம்

இலவசம் என்றால் எல்லாமே தருமம் அன்று. சில விளம்பரத்தால் பிழைப்பவை. சில, ஒரு வாரம் இலவசம் என்று சொல்லி வங்கி அட்டை எண்ணைக் கேட்பவை. கேட்டால் விலகிவிடுங்கள். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட ஓர் இலவச டார்ச்லைட் செயலி, அவர்கள் இருக்கும் இடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்துவந்தது என்று 2013-இல் அந்நாட்டு வணிக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. விளக்கெரிக்க வந்தவனுக்கு வீட்டு முகவரி எதற்கு? செயலி கேட்கும் அனுமதி அதன் வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடியது, புலனத்தில் வரும் ஏபிகே கோப்பு. திருமண அழைப்பிதழ் என்றும், மலிவு விலையில் வீடு துப்புரவு செய்து தருகிறோம் என்றும் சொல்லி அனுப்புவார்கள். அழைப்பிதழ் என்பது படமாகவோ இணைப்பாகவோ வரலாம்; செயலியாக வரவே வராது. தொட்டு நிறுவிவிட்டால் குறுஞ்செய்திகளைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் பால்மரம் சீவியும் மேல்வேலைக்குப் போயும் சேர்த்த சேமநிதிப் பணம் ஒரே பிற்பகலில் போய்விடும். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் நிறுவாதீர்கள். அவருடைய கைப்பேசியே திருடர் கையில் இருக்கலாம். செயலி எதுவானாலும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கியூஆர் குறியை வருடி நன்கொடை செலுத்தும் அன்பர்களும், தொகையைத் தட்டுமுன் திரையில் வரும் பெயர் கோவிலின் பதிவுப் பெயர்தானா என்று பாருங்கள். குறியின்மேல் வேறொரு குறியை ஒட்டிவிடும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது.

அப்படியும் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம் மறைத்துக்கொண்டு இராதீர்கள். கைப்பேசியின் இணையத்தை உடனே துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து 997 என்ற எண்ணை அழையுங்கள். மோசடிகளைத் தடுக்க 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்கிற்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. அதன்பின் வங்கிக்கும் சொல்லி, போலீஸ் புகார் செய்ய வேண்டும். 997 என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பூசையறைக் கதவிலோ குளிர்பெட்டியிலோ ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசிக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.