நகரின் வரவும் செலவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது டெட்ராயிட் நகரம். மோட்டார் வண்டித் தொழிலால் உலகப் புகழ் எய்திய அந்நகரில் 1950-ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 139 சதுர மைல் பரப்பில் விரிந்த வீதிகளுக்கெல்லாம் விளக்கும் நீரும் காவலும் அளிப்பது நகராட்சியின் கடமையாயிற்று.

இக்கடமைக்கு வேண்டும் பொருளில் பெரும்பகுதி மக்கள் செலுத்தும் வரியே ஆகும். வீட்டுவரியோடு, 1962 முதல் வருமான வரியையும் அந்நகரம் தண்டியது. பிற்காலத்தில் சூதாட்ட மனைகளின்மீது விதித்த வரியும் வருவாயாயிற்று. சூதின் பொருளால் நகரைப் புரப்பது தகுமா என்பது வேறோர் ஆராய்ச்சி.

காலம் மாறிற்று. தொழிற்சாலைகள் நகரைவிட்டு அகன்றன. வசதியுடையோர் புறநகர்களிற் குடியேறினர். இனப்பூசல் அப்பெயர்ச்சியை விரைவுபடுத்தியது. 1967-இல் மூண்ட கலகத்தில் 43 பேர் மாண்டனர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,13,777 ஆகக் குறைந்தது.

மக்கள் குறைந்தனரேயன்றி வீதிகளின் நீளம் குறையவில்லை. பத்து வீடுகள் இருந்த தெருவில் மூன்றே எஞ்சினும், அத்தெருவுக்கு விளக்கு வேண்டும். தீப்பற்றினால் வண்டி வரவேண்டும். முன்னாளில் பெருநகருக்கு உழைத்து ஓய்வு பெற்றோர்க்கு ஓய்வூதியமும் தரல்வேண்டும். எஞ்சியோர்மீது வரிச்சுமை ஏறியது. அதற்கஞ்சி மேலும் பலர் வெளியேறினர். வரவறிந்து செலவிடுதலை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஓய்வூதிய நிதியை நிரப்புவதற்காக அந்நகரம் ஏறத்தாழ 140 கோடி டாலர் கடன் கொண்டது. பாலம் அமைக்கக் கொள்ளும் கடன் ஒருவகை. பாலம் நின்று பயன் தரும். பழங்கடனைத் தீர்க்கக் கொள்ளும் புதுக்கடன் அத்தகையதன்று. 2008-இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியால் வீடுகளின் மதிப்புச் சரிய, வரியும் சரிந்தது. 2013 ஜூலை 18-ஆம் நாள், கடன் தீர்க்க இயலாமையை நகரம் நீதிமன்றத்தில் அறிவித்தது. கடனும் கடப்பாடுமாக மதிப்பிடப்பெற்ற தொகை 1,800 கோடி டாலர். தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது எரியவில்லை.

இழப்பை ஏற்பவர் யார் என்பதே பின்னர் எழுந்த வழக்கு. நகருக்குரிய கலைக்கூடத்தில் வான்கோ, புரூகெல் முதலியோர் தீட்டிய அரிய ஓவியங்கள் இருந்தன. அவற்றை விற்க வேண்டுமெனக் கடன் கொடுத்தோருட் சிலர் வற்புறுத்தினர். ஒருபால் ஓவியம், ஒருபால் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரின் உணவு. இரண்டையும் காக்க அறநிலையங்களும் மாநில அரசும் கலைக்கூடமும் முன்வந்து, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 82 கோடி டாலர் தர இசைந்தன. ஓவியங்கள் விலைபோகாமல், தனி அறக்கட்டளையின்பாற் சென்றன.

ஆயினும் பொது ஊழியரின் ஓய்வூதியத்தில் நூற்றுக்கு நாலரை பங்கு குறைந்தது. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் ஏறிவந்த உயர்வும் நின்றது. கணக்கேட்டில் சிறிதாகத் தோன்றும் இவ்வெண், பொருள்களின் விலை ஏற ஏற முதியோர்க்குப் பெரிதாகும். காவலர், தீயணைப்போர் ஆகியோரின் அடிப்படை ஓய்வூதியம் குறையவில்லை.

2014 டிசம்பரில் நகரம் அவ்வழக்கினின்று விடுபட்டது. 2016-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 65,000 புதிய விளக்குகள் வீதிகளில் ஒளிர்ந்தன. முன்பு அந்நகரில் இருந்த விளக்குகள் ஏறத்தாழ 88,000.