வெயில் காலத்தில் ஜெனரேட்டரும் ஏ.ஸி.யும்

தங்கவயலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1902-ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். குளிர்ந்த காற்றின் அருமையும் நமக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. குளிரவைத்த காற்றை மேலிருந்து அனுப்பித்தான் அங்கே வேலை நடந்தது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் வீடுகளிலும் ஏ.ஸி. வந்துவிட்டது. கரண்ட் போனால் ஓட்ட ஜெனரேட்டர் வாங்குகிறோம். வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் ஏ.ஸி. வண்டி பேசிக்கொண்டு போகிறோம். படுக்கை வசதியுள்ள கேரவன் வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆகவே ஜெனரேட்டரில் ஏ.ஸி. ஓட்டுவது பற்றி ஒவ்வொரு குடும்பமும் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. டன் என்றால் என்ன?

ஏ.ஸி.யின் டன் அதன் எடையைக் குறிப்பதல்ல. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகமே ஒரு டன். கணக்கில் அது 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.ஸி. அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு அது எடுக்கும் மின்சாரம் 1.5 முதல் 1.8 கிலோவாட் வரைதான். வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை; உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே எவ்வளவு சூடோ அவ்வளவு சிரமப்பட்டுத் தள்ள வேண்டும். அதனால்தான் உச்சி வெயிலில் ஏ.ஸி. அதிக மின்சாரம் இழுக்கிறது.

2. ஜெனரேட்டரின் உண்மையான பலம்

ஜெனரேட்டரின் மேல் 5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால், பவர் ஃபாக்டர் 0.8 என்று கொண்டால், கிடைப்பது 4 கிலோவாட். இது கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில் உள்ள கணக்கு. தங்கவயல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறையும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 300 மீட்டருக்கு சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும் என்று கொள்ளலாம். அப்படியானால் நம் ஊரில் 10 சதவீதம் போய்விடுகிறது. கோடை வெப்பத்துக்காக இன்னும் 3 சதவீதம் கழியுங்கள். 4 கிலோவாட் 3.5 ஆகிவிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெயில் ஏற ஏற ஏ.ஸி. அதிகம் கேட்கிறது; எஞ்சின் குறைவாகத் தருகிறது. காலையில் ஓடியது மதியம் ஓடாததன் காரணம் இதுவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏ.ஸி. 1.7, ஃபிரிட்ஜ் 0.2, விளக்கும் விசிறியும் 0.2, ஆக மொத்தம் 2.1 கிலோவாட். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இதே கழிவுகளுக்குப் பின் தருவதும் 2.1 கிலோவாட்தான். மிச்சம் ஒன்றுமில்லை. 5 கே.வி.ஏ. என்றால் அதன் பலத்தில் 60 சதவீதமே செலவாகிறது. ஜெனரேட்டரை நெடுநேரம் ஓட்ட அதுவே சரியான அளவு.

3. ஸ்டார்ட் ஆகும் நேரம்

பழைய மாதிரி ஏ.ஸி.யின் கம்ப்ரசர் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் 4 முதல் 6 மடங்கு கரண்ட் இழுக்கும். 8 ஆம்பியர் எடுப்பது ஒரு கணம் 40 ஆம்பியர் வரை போகும். சிறிய ஜெனரேட்டரில் அப்போது வோல்டேஜ் விழுந்துவிடும். கம்ப்ரசர் சுழலாமல் உறுமிச் சூடேறும். இன்வெர்ட்டர் ஏ.ஸி. மெதுவாக வேகம் எடுப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இயக்கும் முறை இதுதான்: ஜெனரேட்டரை லோடு இல்லாமல் மூன்று, நான்கு நிமிடம் ஓட விடுங்கள். பிறகு விளக்கு, விசிறி. கடைசியில் ஏ.ஸி. நிறுத்தும்போது முதலில் ஏ.ஸி.யை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து எஞ்சினை நிறுத்துங்கள். ஏ.ஸி. நின்றால் உடனே மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும்.

ஜெனரேட்டரை நிழலில், நாலு பக்கமும் காற்றோட்டமாக வையுங்கள். வெயில் காலத்தில் ஆயில் அளவைத் தினமும் பாருங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். வீட்டு வயரிங்குடன் இணைக்க சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். பிளக் பாயின்ட் வழியாகக் கொடுத்தால் கரண்ட் திரும்பித் தெருக் கம்பிக்கு ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போய்விடும்.

4. புகையே எமன்

மேலே சொன்னவற்றில் தவறினால் பெரும்பாலும் இயந்திரம் கெடும். இனி சொல்வதில் தவறினால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். ஏ.ஸி.க்காக ஜெனரேட்டர் ஓடியிருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அந்த வண்டியிலேயே சோதனை செய்தார்கள். தரையில் இருந்த துளை வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு 900 பி.பி.எம்.-ஐத் தாண்டியது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான ஏ.ஸி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது; வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே உள்ளே புகுந்த விஷம் போக வழியின்றித் தங்கிவிடும்.

ரயில்வே இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 1969-இல் ராஜதானி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அத்தகைய முழு ஏ.ஸி. ரயில்களில் ஜெனரேட்டருக்கென்று தனிப் பெட்டியே உண்டு. அது வண்டியின் கோடியில் இருக்கும். பயணி தூங்கும் பெட்டிக்கு வருவது கேபிள் மட்டுமே, புகை வராது. இப்போது பல ரயில்களில் மேல்நிலைக் கம்பியின் மின்சாரத்தையே எஞ்சின் வழியாகப் பெட்டிகளுக்குக் கொடுக்கிறார்கள். புகை விடும் எஞ்சினையும் தூங்கும் மனிதனையும் பிரித்து வைப்பதே இதில் அடிப்படை. நாமும் அதையே பின்பற்ற வேண்டும்:

• வீட்டு ஜெனரேட்டர் கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வெட்டவெளியில் இருக்கட்டும். வராந்தா, மாடிப்படி அடி, ஷெட் கூடாது.

• வாடகை வண்டியில் ஏறுமுன் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எங்கே முடிகிறது, தரையில் துளை உண்டா என்று கேளுங்கள். டிரைவர் கோபித்தாலும் பரவாயில்லை.

• நிறுத்திய வண்டியில் ஜெனரேட்டரையோ எஞ்சினையோ ஓடவிட்டு, கதவடைத்துத் தூங்கவே கூடாது. சுவரோரமாக நிறுத்தினால் புகை தேங்கும்.

• கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. கேரவனில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள்.

ஓட்டுபவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். நம் பிள்ளைகளில் பலர் பெங்களூரில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். இரவு சவாரிக்கு நடுவே ஏ.ஸி. போட்டுக் கண்ணயர்வது அவர்களுக்கு வழக்கம். இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: உங்கள் வீட்டு ஏ.ஸி.யின் தகட்டில் எத்தனை வாட் என்று பாருங்கள். மற்ற சாமான்களையும் கூட்டுங்கள். ஜெனரேட்டரின் கே.வி.ஏ.யை 0.8-ஆல் பெருக்கி, 13 சதவீதம் கழியுங்கள். பின்னதில் முக்கால் பங்குக்குள் முன்னது அடங்கினால் உங்கள் ஜெனரேட்டர் போதும். கணக்கு முடிந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு போய், ஜெனரேட்டருக்கும் ஜன்னலுக்கும் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள்.