சாவி திருப்பியும் வண்டி எழவில்லையா? பழைய காரின் இக்னிஷன் ஒயரிங்: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீடுகளில் அம்பாசடரும் மாருதி 800-ம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் ஒயரிங் எளிமையானது, புதியவரும் தைரியமாகக் கைவைக்கலாம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது சுவிட்ச் வாங்க ஓட வேண்டாம். கரண்ட் போகும் வழியிலேயே நாமும் வரிசையாகப் போவோம்.

சுவிட்ச் என்ன செய்கிறது?

பாட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயரில் சுவிட்சுக்கு எப்போதும் லைன் இருக்கும். 'ஆன்' வைத்தால் அது ஸ்பார்க் உண்டாக்கும் காயிலுக்கும் மீட்டர் விளக்குகளுக்கும் போகும். 'ஸ்டார்ட்' வைத்தால் செல்ஃப் மோட்டாரை இயக்கிவிடும் சோலினாய்டுக்கும் போகும். இது கார்புரேட்டர் பெட்ரோல் வண்டிக்கான கணக்கு. டீசலில் காயில் கிடையாது.

எவ்வளவு செலவாகும்?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சுமார் 300 முதல் 600 ரூபாய். டெஸ்ட் லேம்ப் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், நல்ல வெளிச்சம் போதும். சுவிட்ச் விலை வண்டிக்கு வண்டி மாறும். அதை வாங்குவது கடைசி வழி, பல நேரம் தேவையே படாது.

முதலில் பாட்டரி, அடுத்து எர்த்

முழு சார்ஜில் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மேலே போவோம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகப்படலாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்ப்போம்.

பிறகு மீட்டரின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் உடம்பிலும் வைத்து, கூட ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வோம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை. அதன் போல்ட்டைக் கழற்றித் துரு சுரண்டினால் பல வண்டிகள் எழுந்துவிடும்.

சுவிட்சில் லைன் பார்ப்பது

தடித்த ஒயரில் சாவி போடாமலே பாட்டரி வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? கோளாறு சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. ஃபியூஸ், கப்ளர் (ஒயர் இணைப்பு), பிறகு எலி என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள். தேங்காய் மட்டை குவித்த கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடிக்காத ஒயர் அபூர்வம். தோல் உரிந்து உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தால், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஆடிச் சாரலில் மறுபடி வேலை வைக்கும்.

அடுத்து 'ஆன்' வைத்து, உள்ளே வரும் வோல்ட்டையும் காயிலுக்குப் போகும் வோல்ட்டையும் ஒப்பிடுவோம். 0.3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுவிட்சின் உள்முனை கருகியிருக்கிறது. கப்ளரையும் பிடுங்கிப் பாருங்கள்: ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுத்து உருகியிருந்தால் அங்கே லூஸ் கனெக்‌ஷன். வண்டி பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பெரும்பாலும் 'ஆன்' முனை தேய்ந்திருக்கும்.

கடைசியாக 'ஸ்டார்ட்'. சோலினாய்டின் சின்ன ஒயரில் லைன் வந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் சுவிட்ச் மேல் பழியில்லை.

ரிலே போடலாமா?

கட்டாயம் போடலாம். சோலினாய்டு இழுக்கும் கரண்ட்தான் பழைய சுவிட்சைக் கருக்குகிறது. ரிலே போட்டால் அந்தப் பாரம் சுவிட்ச் மேல் விழாது. ரிலேயின் பின்களில் எண் போட்டிருக்கும்: 30-ல் பாட்டரி லைன் (வழியில் 30 ஆம்பியர் ஃபியூஸ்), 87-ல் சோலினாய்டு, 86-ல் சுவிட்சின் ஸ்டார்ட் ஒயர், 85-ல் எர்த். சாக்கெட்டோடு சில நூறு ரூபாய்தான் ஆகும்.

கவனம்

ஒயர் வெட்டுமுன் பாட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சோதிக்கும்போது நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இரண்டும் வேண்டும். என்ஜின் ஓடாமல் 'ஆன்' நிலையில் நெடுநேரம் விட்டால் காயில் சூடாகும்.

சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பம்ப்செட் சாவி எல்லாம் தொங்கவிடாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, ஓடும்போதே சுவிட்ச் 'ஆன்' நிலையிலிருந்து நழுவியதால்தான். கனமான சாவிக்கொத்தும் அதற்கு ஒரு காரணம். மலைப்பாதையில் அப்படி நழுவினால் ஆபத்து: ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுமுன் என்ஜினை ஓடவிட்டு, சாவியை லேசாக அசைத்துப் பாருங்கள். சத்தம் துளி தடுமாறினாலும் சுவிட்சை மாற்றிய பிறகே மலை ஏறுங்கள்.