பந்தை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி வாலிபால் அணியில் செட்டர். போன வருடம் பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் பி.டி. சார் என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டார். பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. முக்கியமான அட்டாக்கர்கள் இரண்டு பேரும் மூன்றாம் ஆண்டு அண்ணன்கள். "பால் ஷார்ட்டா வருது, நெட்டை ஒட்டி வருது" என்று ஆட்டத்துக்கு நடுவிலேயே கத்துகிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஒரு நாள் பந்து நான் நினைத்த இடத்துக்குப் போகிறது, மறுநாள் போவதில்லை. ஆனால் நான் ஏதாவது சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை. வீட்டு நிலைமையால் சில நாள் சாயங்காலம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை ஷிப்டுக்கும் போகிறேன். பாஸிங்கை முதலில் சரி செய்வதா, கேப்டனாக நடந்துகொள்ளக் கற்பதா? பேசாமல் அண்ணன்களில் ஒருவரிடமே பொறுப்பை விட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம், திருப்பூர்)

பதில்: விட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் பி.டி. சார் யோசித்துத்தான் கொடுத்திருப்பார். நம் பக்கம் கிடைக்கிற மூன்று தொடுதலில் இரண்டாவது எப்போதும் செட்டரைத் தேடித்தான் வரும். அட்டாக்கர் ஒரு ரேலி முழுக்கப் பந்தைத் தொடாமலே இருந்துவிடலாம், செட்டரால் முடியாது. யார் அடிப்பது, எந்த இடத்திலிருந்து அடிப்பது, எவ்வளவு உயரத்தில் அடிப்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறவர் நீங்கள்தான். அதனால் இரண்டாகக் கேட்டதை நான் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அண்ணன்கள் உங்கள் பேச்சைக் கேட்பதும் கேட்காததும் நீங்கள் போடுகிற பந்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஷார்ட்டாக விழும் பந்தைப் பார்ப்போம். ஒரு நாள் சரியாகப் போய், மறுநாள் போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கையில் இருக்காது, காலில் இருக்கும். பந்து வந்து சேர்வதற்குள் நீங்கள் வந்து நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே தொட்டால் உடம்பின் வேகம் பந்தை இழுத்துக்கொண்டு போகும். பின்பக்கம் சாய்ந்தபடி தொட்டால் பந்து பாதியில் விழும். நெட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் பந்து நெட்டை ஒட்டிப் போய் எதிர் அணி பிளாக்கரின் கைக்குள் விழும். அண்ணன்கள் சொல்கிற இரண்டு குறையும் இதிலிருந்தே வருகின்றன.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. லிபரோவை வழக்கம்போல் ஃபர்ஸ்ட் பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பந்தைப் பாஸ் செய்யாமல் நெற்றிக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே அசையாமல் நில்லுங்கள். கண்ணை மட்டும் தாழ்த்திக் காலைப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா? நெட்டுப் பக்கத்துக் கால், அதாவது வலது கால், அரை அடி முன்னால் இருக்கிறதா? இடுப்பும் தோளும் முன்வரிசையின் இடது மூலையை, அதாவது நான்காம் இடத்தைப் பார்க்கின்றனவா? பந்து நெற்றிக்கு நேராக இல்லாமல் மூக்குக்கோ உச்சந்தலைக்கோ நேராக இருந்தால் நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரம் முழுக்க இதையே செய்யுங்கள். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். கால் பழகிய பிறகு கைக்கு வேலை குறைவு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் பந்தை வாங்கும், மற்ற இரண்டும் பக்கத்தில் தாங்கும், முழங்காலும் முழங்கையும் ஒன்றாக நிமிரும்.

அடுத்த வாரம் இலக்கு வையுங்கள். நான்காம் இடத்துப் பக்கம் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நெட்டிலிருந்து ஒரு எட்டு தள்ளி, ஒரு மூங்கிலை நட்டு அதன் உச்சியில் பழைய சைக்கிள் ரிம் ஒன்றைப் படுக்கை வாட்டில் கட்டுங்கள். ஆண்கள் நெட் 2.43 மீட்டர் உயரம். ரிம் அதற்கு மேல் அரை மீட்டராவது இருக்கட்டும். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் கேட்டால் கொடுப்பார்கள். அந்தத் துணிப் பட்டைகளை ரிம்மைச் சுற்றித் தொங்கவிட்டால் பந்து எந்தப் பக்கம் உரசிப் போகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

துணிப் பட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு: காற்று தெரியும். நம் பக்கத்து ஆடிக் காற்றை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவிடுகிற அதே மேற்குக் காற்றுதான் உங்கள் மண் கோர்ட்டிலும் வீசுகிறது. வாலிபால் பந்து 260 முதல் 280 கிராம்தான். உயரத் தூக்கினால் காற்று கொண்டுபோய்விடும். ஆடி மாதத்தில் பழகுகிற செட்டர் ஹை பாலைக் குறைத்து, தாழ்வாகவும் கொஞ்சம் வேகமாகவும் போடப் பழக வேண்டும். அதற்கு அட்டாக்கரும் ஓட்டத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதால் இதை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய முடியும். அண்ணன்களிடம் போய் நிற்க நல்ல காரணம் இது. "காத்துக்கு எவ்வளவு ஒசரம் வேணும்ணா?" என்று கேளுங்கள். அடிக்கிறவருக்கு அதில் கட்டாயம் ஒரு கருத்து இருக்கும்.

இப்படிக் காற்று வீசும் திறந்தவெளிக் கோர்ட்டில் டாஸ் ஜெயித்தால் சர்வீஸா ரிசீவா என்று மட்டும் யோசிக்காதீர்கள். அதற்குப் பதில் பக்கத்தைக் கேட்டு வாங்கலாம். ஐந்தாவது செட்டுக்கு மறுபடியும் டாஸ் போடுவார்கள், எட்டாவது புள்ளியில் பக்கம் மாறும். இதெல்லாம் கேப்டன் மனதில் இருக்க வேண்டிய கணக்கு.

இனி அண்ணன்கள் விஷயம். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இத்தாலிக்குச் செட்டராக ஆடிய சிமோன் ஜியானெல்லிக்கு அப்போதுதான் இருபது வயது நிறைந்திருந்தது. அவர் பந்து போட வேண்டியிருந்தது இவான் ஸைட்செவ், ஒஸ்மானி ஹுவான்டோரேனா போன்ற பெரிய ஆட்டக்காரர்களுக்கு. கேப்டன் பிராரெல்லி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நெட்டுக்கு அந்தப் பக்கம் பிரேசிலின் கேப்டன் புருனோ, அவரும் செட்டர்தான். இத்தாலி தோற்று வெள்ளியோடு திரும்பியது. 2021-ல் ஜியானெல்லி கேப்டன் ஆனார். 2022 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் போலந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று வென்றபோது கோப்பையை வாங்கியவரும் அவர்தான், தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். நம்மிடையேயும் மோகன் உக்கிரபாண்டியன் இருக்கிறார். தமிழ்நாட்டுச் செட்டர், இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2019 புரோ வாலிபால் லீகில் கொச்சி அணிக்கும் கேப்டன். அவர் ஆடிய ஆட்டங்களின் வீடியோ கிடைக்கும். பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். ஃபர்ஸ்ட் பாஸ் கெட்டுப்போனால் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரிசீவ் மோசமாக வரும்போது செட்டர் கையை விரித்து, தலையை ஆட்டி, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டால் அந்தப் பந்தை எடுத்த பையன் அன்றைக்கு ரிசீவ் எடுக்கவே பயப்படுவான். கட்டிங்கில் இம்மி பிசகி வந்த பீஸை நல்ல ஓவர்லாக் டெய்லர் ஓசைப்படாமல் இழுத்துப் பிடித்துத் தைத்து, பேட்லாக் மெஷினுக்குச் சரியாக அனுப்பிவிடுவதை நீங்கள் கம்பெனியில் பார்க்கிறீர்கள். மோசமான பாஸை அப்படி வாங்கிக்கொள்ளுங்கள். கோணல் பந்தை நீங்கள் ஓடிப்போய் நேராக்கிக் கொடுப்பதை நாலு தடவை பார்த்தால் அணி தானாக உங்கள் பக்கம் திரும்பும்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அண்ணன் அடித்த பந்து பிளாக்கில் மாட்டி நம் பக்கமே விழுகிறது. அவர் உங்களை முறைக்கிறார். அடுத்த பந்து யாருக்கு? பயந்த செட்டர் வேறொருவருக்குக் கொடுப்பார். கோபித்த செட்டரும் வேறொருவருக்குத்தான் கொடுப்பார். நீங்கள் அவருக்கே கொடுங்கள், கொஞ்சம் நெட்டைவிட்டுத் தள்ளி, அவர் கேட்ட உயரத்தில். எப்போதும் அப்படிச் செய்ய முடியாது, எதிர் அணியின் உயரமான பிளாக்கர் அவர் எதிரிலேயே நின்றால் நடுவில் ஷார்ட் பாலோ தலைக்குப் பின்னால் பேக் பாஸோ போட்டுத் திசை மாற்றத்தான் வேண்டும். ஆனால் தப்பு செய்தால் தனக்குப் பந்து வராது என்ற எண்ணம் எந்த ஆட்டக்காரர் மனதிலும் விழ விடாதீர்கள். ஒருவர் மீது நம்பிக்கை வைத்திருக்கிறேன் என்று செட்டர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த பந்தைக் கொடுத்தால் போதும். மூத்தவர்களிடம் அதிகாரமாகப் பேசுவது எப்படி என்று நீங்கள் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேச்சே தேவைப்படாத இடம் இது.

பேச்சு தேவைப்படும் இடங்களும் உண்டு. கோர்ட்டில் கூப்பிடும் சொற்களை இப்போதே முடிவு செய்யுங்கள். நீளமான பேச்செல்லாம் ரேலிக்குள் அடங்காது. 'ஷார்ட்', 'ஃபோர்', 'பேக்' என்று ஒரே சொல்லில் முடிய வேண்டும். ஆட்டத்துக்குள் 'அண்ணா'வை விட்டுவிட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன் என்று முன்கூட்டியே அவர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். கேட்டதாலேயே சம்மதிப்பார்கள். நீங்கள் முன்வரிசையில் இருக்கும் மூன்று ரொட்டேஷனில் முன்னால் அடிக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். புள்ளிகள் கட்டுக்கட்டாகப் போவது பெரும்பாலும் அங்கேதான். அந்த மூன்றையும் மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பந்து யாருக்கு என்று அண்ணன்களையும் வைத்துக்கொண்டே தீர்மானியுங்கள். ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்கும் உரிமை கோர்ட்டில் உள்ள கேப்டனுக்கு மட்டும்தான். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது, அமைதியாகக் கேளுங்கள். மற்றவர்கள் ரெஃப்ரி பக்கம் போனால் குறுக்கே போய் நின்று நிறுத்துவதும் உங்கள் வேலை. ஜெர்ஸி நம் ஊரிலேயேதான் தைக்கக் கொடுப்பீர்கள். நெஞ்சில் உள்ள எண்ணுக்குக் கீழே 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் கேப்டன் பட்டை வர வேண்டும், வேறு நிறத்தில். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கம்பெனி வேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. செக்கிங்கில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை மணிக்கணக்காக அமுக்கினால் கட்டை விரலின் அடிச்சதை இறுகிப்போகும். மறுநாள் காலை பந்தை வாங்க வேண்டியதும் அதே விரல். பயிற்சிக்கு முன்னால் விரல்களை நீட்டி மடக்கி, சுவரோடு ஒட்டி நின்று பந்தை மெதுவாகத் தட்டித் தட்டிச் சூடேற்றுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு மடிக்கிற வேலைக்கோ அடுக்குகிற வேலைக்கோ மாற முடியுமா என்று பாருங்கள். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை நின்றுவிட்டு வருகிறவரின் கால் திங்கட்கிழமை காலை பந்துக்கு முந்திப் போகாது. 'ஒரு நாள் போகிறது, மறுநாள் போவதில்லை' என்கிறீர்களே, போகாத நாள் எந்தக் கிழமை என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். திங்களும், சாயங்கால வேலைக்கு மறுநாளும் என்று வந்தால் அது உங்கள் திறமையின் குறை இல்லை, தூக்கத்தின் குறை.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைச் சம்பளம் வீட்டுக்கு என்ன என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு மட்டும் ஞாயிறு ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தப் போட்டிகளைத்தான் பார்ப்பார்கள், அங்கிருந்து தென்மண்டலம், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள் என்று பாதை போகிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவும் உண்டு. தமிழக அரசுப் பணிகளில் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வங்கி, ரயில்வே, காவல் துறை அணிகளில் இடம் பிடித்து அதனாலேயே வேலைக்குப் போன வாலிபால்காரர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அரை ஷிப்டுக் கூலியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமா என்று வீட்டிலேயே கேளுங்கள். அப்பா அம்மாவை ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்கு அழைத்து வந்து, நீங்கள் ஆடுவதைப் பார்க்க வைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.