வீடியோ நிஜம்தான், தேதிதான் பொய்

கேள்வி: விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் வேலை பார்க்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது மேடையில் எல்லோரும் எழுந்து நிற்க, காஞ்சி விஜயேந்திரர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறார். ‘நேற்று சென்னையில் நடந்த அநியாயம், தமிழன் என்றால் பகிர்’ என்று எழுதியிருந்தது. சிலர் கொதித்துப்போனார்கள். வேறு சிலரோ, ‘இது ஏஐ வேலை, சாமியைக் கேவலப்படுத்தக் கிளம்பியிருக்கிறார்கள்’ என்கிறார்கள். பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எது உண்மை? இதை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். இரு தரப்பும் சொல்வது தவறு. அந்தக் காட்சி நிஜம், யாரும் கம்ப்யூட்டரில் செய்ததல்ல. ஆனால் அது நேற்று நடந்ததும் அல்ல. 2018 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை, சென்னையில் ஒரு தமிழ்–சமஸ்கிருத அகராதி வெளியீட்டு விழாவில் நடந்தது. பா.ஜ.க.வின் எச்.ராஜாவுடைய தந்தை ஹரிஹரன் தொகுத்த அகராதி அது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வீடியோவை நிறுத்தி, உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவர், அந்த விழாவில் கலந்துகொண்ட ஆளுநர் பன்வாரிலால் புரோஹித். அவர் தமிழக ஆளுநராக இருந்தது 2017 அக்டோபர் முதல் 2021 செப்டம்பர் வரை. ‘நேற்று’ என்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது. விழா நடந்தபோது விஜயேந்திரர் காஞ்சி மடத்தின் இளைய மடாதிபதிதான். அடுத்த மாதம் 28ஆம் தேதி மூத்த மடாதிபதி ஜெயேந்திரர் காலமான பிறகே மடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

தேதியில் என்ன இருக்கிறது, உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். இந்த விஷயத்தில் தேதியில்தான் எல்லாமே இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்து 1970இலிருந்து அரசு விழாக்களில் பாடப்பட்டு வந்தாலும், எழுந்து நிற்க வேண்டும் என்ற அரசாணை 2018இல் கிடையாது. அந்தச் சம்பவத்தைக் கண்டித்து ராமேஸ்வரத்தில் காஞ்சி மடத்தின் கிளையில் போராடியவர்கள் மீது போட்ட வழக்கை 2021 டிசம்பரில் ரத்துசெய்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைத்தான் சொன்னது: இது வாழ்த்துப் பாடல், நாட்டுப்பண் அல்ல, எழுந்து நிற்கச் சட்டமோ ஆணையோ இல்லை, ஆனால் உரிய மரியாதை தர வேண்டும். அதே மாதம் 17ஆம் தேதி தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றது. ஆகவே ‘நேற்று’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால், அவர் இன்றைய அரசாணையை மீறியவர் ஆகிவிடுகிறார். அந்தப் பழி அவர் மீது சேராது.

அதற்காக விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தின்போது தியானத்தில் இருந்தார் என்பது மடத்தின் விளக்கம். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றவர் இதற்கு ஏன் நிற்கவில்லை என்று அன்றே பலர் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆனால் கேமராவில் தெரிவது அவர் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். அது தியானமா அலட்சியமா என்பது பார்க்கிறவரின் முடிவு. அதை வீடியோவே நிரூபித்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிறவர்கள் தங்கள் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதித்தான் கட்டுகிறார்கள். சாமியிடம் சொல்லும் புகாருக்கே ஆள் அடையாளம் வேண்டியிருக்கிறது. ஃபார்வர்டில் அது கிடையாது. இரட்டை அம்புக்குறியோடு வந்தால், குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்தது என்று அர்த்தம். முதலில் அனுப்பியவர் யாரென்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. அப்படி வந்தால் முகங்களோ பின்னால் உள்ள பேனரோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். ‘விஜயேந்திரர் தமிழ்த்தாய் வாழ்த்து’ என்று தமிழிலேயே தேடினாலும் போதும், 2018 ஜனவரி செய்திகள் வந்து நிற்கும். சந்தேகம் தீரவில்லையா? யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களும் தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கின்றன.

ஏஐ என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் பளபளக்கும் வெள்ளைக் குளிர்கோட்டில் நடக்கும் படம் உலகையே ஏமாற்றியது. அது ஏஐ படம்தான். ஆனால் பிடிக்காத வீடியோவையெல்லாம் ஏஐ என்று தள்ளிவிட முடியாது. 2023 பிப்ரவரி 28 அன்று தர்மசாலாவில் தலாய் லாமா ஒரு சிறுவனிடம் நடந்துகொண்ட விதம் ஏப்ரலில் சிறு துணுக்காகப் பரவியது. முழு வீடியோவைப் பாருங்கள், திபெத்திய வழக்கத்தைப் பாருங்கள் என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். ஆனால் அவருடைய அலுவலகம் ஏப்ரல் 10 அன்று சிறுவனிடமும் குடும்பத்தாரிடமும் வருத்தம் தெரிவித்தது. முழுசாகப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. சரிபார்ப்பது யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல.

2023இல் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று தொடர்பில்லாத வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் பீதியில் ஊருக்குக் கிளம்பியதை நாம் பார்த்தோம். உங்கள் பட்டறையில் இப்போது பேச்சு மட்டும்தான் நின்றிருக்கிறது. இதற்கு மேல் போக விடாதீர்கள். ‘வீடியோ உண்மை, 2018 ஜனவரி 23 அன்று நடந்தது, நேற்று அல்ல’ என்று இன்றே குழுவில் எழுதுங்கள். அதோடு அந்த நாள் செய்தி ஒன்றின் இணைப்பையும் போடுங்கள். அந்த வீடியோவைக் குழுவில் பகிர்ந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அதை நீக்கச் சொல்லுங்கள்.