சேரன்மகாதேவி சொல்லும் பாடம்



"பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று பிள்ளை அழுதால் நாம் என்ன செய்கிறோம்? "படிக்கச் சோம்பல்" என்று முதுகில் ஒன்று வைக்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரு தகப்பனாரின் கதை நம்ம தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது.

1922-ல் சேரன்மகாதேவியில் வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் கட்சி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 கொடுத்தது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் இதை வீட்டில் சொன்னான். தகப்பனார் "பேசாம இரு" என்று அடக்கவில்லை. பெரியாரிடம் கொண்டுபோனார். பெரியார் மீதிப் பணத்தைத் தர மறுத்தார். வரதராஜுலு நாயுடு ஊர் ஊராகப் பேசினார். பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக்கூடாது என்று 1925-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது.

அய்யர் கெட்டவர் இல்லை. நாட்டுக்காகப் பாடுபட்டவர். நல்லவர் நடத்தும் இடத்திலும் பிள்ளை மனசு நோகலாம். "சாமி பேரில் நடக்கிற பள்ளிக்கூடமாச்சே" என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

நூறு வருசத்தில் எல்லாம் மாறிவிட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. சாதியைச் சொல்லிச் செய்த கொடுமையால் ஒரு மாணவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். பள்ளியில் புகார் சொன்ன பிறகு, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். புகார் கொடுத்தால் போதாது, கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதே இதன் பாடம். இதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கவேண்டும் என்று 2024-ல் சொன்னது.

நாம் செய்ய வேண்டியவை:

1. பிள்ளை சொல்வதை முழுசாகக் கேளுங்கள். "நீ என்ன செஞ்ச?" என்று தொடங்காதீர்கள்.
2. என்றைக்கு, எங்கே, யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள்.
3. தனியாகப் போகாமல் குழுவில் இரண்டு பேரோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.
4. மிரட்டல் வந்தால் உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வி உதவி எண்.
5. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். நம்மில் ஒருவர் அதில் இருக்கட்டும்.

குழுவில் பேசுவோம்:

• நம்ம பிள்ளை கையில் கயிறு இருக்கிறதா? கட்டிவிட்டது யார்?
• நம்ம கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே டம்ளரா?

இந்த இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போவோம் சகோதரிகளே.