சின்ன லேப்டாப்புக்கு எந்த டெபியன்?

4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு உள்ள சின்ன லேப்டாப்பில் டெபியன் போட நினைப்பவர்களிடம், ‘ஸ்டேபிள் பழசு, டெஸ்டிங் போடு’ என்று சொல்ல யாராவது இருப்பார்கள். ஸ்டேபிள் என்பது முறையாக வெளியான பதிப்பு, டெஸ்டிங் என்பது தயாராகி வரும் அடுத்த பதிப்பு. அந்த அறிவுரைக்குப் பின்னால் உள்ள நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஸ்டேபிளில் பழைய மென்பொருள், அதனால் பாதுகாப்பு குறைவு.

உண்மை: நேர்மாறு. டெபியன் 13 (ட்ரிக்ஸி) 2025 ஆகஸ்டில் வந்தது. அதிலுள்ள பேக்கேஜ்களின் பதிப்பு எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஓட்டை தெரியவந்தால், அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்து அதே பழைய பதிப்பில் சேர்த்து அனுப்புகிறது பாதுகாப்புக் குழு. எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. டெஸ்டிங்குக்கு இப்படி உடனடிக் கவனிப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. திருத்தம் முதலில், புதிய பேக்கேஜ்கள் வந்து சேரும் அன்ஸ்டேபிளுக்குப் போய், வழக்கமாக 2 முதல் 10 நாள் வரை காத்திருந்து, பெரிய வழு எதுவும் கிளம்பாவிட்டால்தான் டெஸ்டிங்குக்கு வரும். அது சார்ந்திருக்கும் லைப்ரரி எங்காவது சிக்கிக்கொண்டால் வாரக்கணக்கில்கூட இழுக்கும்.

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது அம்பலமானது. அந்தப் பதிப்புகள் டெபியனின் டெஸ்டிங்குக்கும் அன்ஸ்டேபிளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. ஸ்டேபிளை அவை எட்டவே இல்லை.

நம்பிக்கை: டெஸ்டிங் வேகமாக ஓடும்.

உண்மை: லேப்டாப்பைத் திணறவைப்பது டெஸ்க்டாப்பும் பிரவுசரும்தான். க்னோமுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். டெஸ்டிங் கொண்டுவருவது இன்னொரு சுமை: ஓயாத அப்டேட். 2038-ஆம் ஆண்டின் நேரச் சிக்கலைத் தீர்ப்பதற்காக 2024-இல் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரில் ‘டி64’ என்ற வால் சேர்ந்தது. அவற்றைச் சார்ந்த பேக்கேஜ்களையும் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. போன் டேட்டாவை நம்பி இருப்பவருக்கும், வட்டில் இடம் இல்லாதவருக்கும் இது வீண் அவதி.

நம்பிக்கை: வைஃபை வேலை செய்ய டெஸ்டிங் வேண்டும்.

உண்மை: பெரும்பாலும் குறை ஃபர்ம்வேரில்தான் இருந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்ததால், 12-ஆம் பதிப்பு முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. அதற்கும் மசியாத புத்தம் புது சிப் என்றால், ஸ்டேபிளுக்கென்று புதிய பதிப்புகளைத் தொகுத்துத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கர்னலை மட்டும் எடுத்துப் போடலாம். மற்றவை ஸ்டேபிளாகவே இருக்கும். 32 பிட் செயலி உள்ள பழைய நெட்புக் என்றால் டெஸ்டிங்கும் கைகொடுக்காது. அதற்கு இன்ஸ்டாலர் உள்ள கடைசிப் பதிப்பு 12.

நம்பிக்கை: ஒரே ஒரு புரோகிராமுக்காக ஸ்டேபிளின் சோர்ஸஸ் கோப்பில் டெஸ்டிங் வரியைச் சேர்த்தால் தவறில்லை.

உண்மை: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த ஒன்று புதிய சி லைப்ரரியைக் கேட்கும், அது இன்னும் பலவற்றை இழுத்து வரும். கடைசியில் கையில் இருப்பது ஸ்டேபிளும் இல்லை, டெஸ்டிங்கும் இல்லை. பேக்போர்ட்ஸில் தேடுங்கள், இல்லாவிட்டால் பிளாட்பேக்கில் போடுங்கள்.

வழுக்களைக் கண்டுபிடித்துத் தெரிவிப்பவர்களுக்கு டெஸ்டிங் நல்ல இடம், அவர்கள் உழைப்பில்தான் அடுத்த ஸ்டேபிள் உருவாகிறது. அவர்களும் சோர்ஸஸ் கோப்பில் ‘டெஸ்டிங்’ என்று எழுதாமல் ‘ஃபோர்க்கி’ என்று 14-ஆம் பதிப்பின் பெயரை எழுதுவது நல்லது. அது வெளியாகும் நாளில் லேப்டாப் அப்படியே ஸ்டேபிளில் நின்றுவிடும். ‘டெஸ்டிங்’ என்றிருந்தால் அன்றே அடுத்த சுற்று தொடங்கிவிடும், அதுவரை தேங்கி நின்ற புதிய பேக்கேஜ்கள் மொத்தமாக வந்து இறங்கும்.